சேற்றுக்கு வாங்கிய டயர்கள்

காப்பாரில் எங்கள் நிலத்துக்குப் போகும் மண்பாதையில் ஒரு நாள் ஜீப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய், பின்சக்கரம் வடிகால் விளிம்பில் தொங்கியது. அன்றுதான் டயரைப் பற்றி முதல் தடவையாக யோசித்தேன். அதுவரை டயர் என் கணவருடைய இலாகா. அவர் இறந்து ஒரு வருஷத்துக்குள் அவருடைய இலாகாக்கள் ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்திருந்தன. ஒழுகும் கூரை, நிலவரி, தண்ணீர் பம்பு, ஜீப்புக்கு எண்ணெய் மாற்றுவது எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன். டயர் மட்டும் விட்டுப்போயிற்று. உருண்டையாக, கறுப்பாக இருந்தால் டயர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி சாய்ந்திருந்ததால் நானும் கதவில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் வடிகாலுக்குள்தான் இறங்க வேண்டும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றப் போன லோரி ஒன்று வரும்வரை அப்படியே இருந்தேன். லோரிக்காரர் கயிறு கட்டி இழுத்து மேலே விட்டார். பிறகு குனிந்து டயரைக் கையால் தடவிப் பார்த்தார்.

“மொட்டையா இருக்குக்கா. இத வெச்சிக்கிட்டு எப்படி உள்ள வந்தீங்க?”

“மொட்டைன்னு எனக்குத் தெரியாதா?” என்று எரிந்து விழுந்தேன். உண்மையில் தெரியாது. உதவிக்கு வந்தவர்கள் மேல் எரிந்து விழுவது என் சுபாவம். பாவம், அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இது எண்பதுகளின் கடைசியில். நான் அப்போது கிள்ளானில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தேன். ஊரில் உள்ளவர்கள் வெளியூரில் உள்ளவர்களோடு பேச இணைப்புக் கொடுப்பது என் வேலை. காதில் மாட்டிய கருவியில் நாள் முழுக்க மற்றவர்களுடைய ஹலோக்களைக் கேட்பேன். ‘சாப்பிட்டியா’ என்று யாரோ யாரையோ கேட்பார்கள். அதற்குமேல் கேட்கக் கூடாது, விலகிவிட வேண்டும். அந்த வேலையில் எனக்கு ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் பேசினாலும் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் வைக்கும்வரை நான் ரிசீவரை வைப்பதில்லை.

வேலையில் குரலைத் தேனாக வைத்துக்கொள்ள வேண்டும். “ஊருக்கெல்லாம் இனிப்பக் குடுத்துட்டு மிச்சமிருக்கிற மிளகாய எனக்குக் கொண்டு வர்றே” என்பார் என் கணவர். நான் கத்தினால் அவர் சிரிப்பார். சிரித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் கோபத்தைத் தாங்க வீட்டில் இருந்தது அந்த ஒரே ஆள்தான். அவர் போய்விட்டார், கோபம் போகவில்லை. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நான் குழாயோடும் கொசுவோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜீப் எங்களுக்கு வந்த கதை சின்னது. அவர் அரசாங்க இலாகா ஒன்றில் சாலை வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். இலாகா கழித்துக்கட்டிய வண்டிகளை லேலோங் போட்டு ஏலத்தில் விற்றபோது, யாரும் கை தூக்காத இந்த ஜீப்புக்கு இவர் கை தூக்கினார். மழை வந்தால் உள்ளேயும் மழை பெய்யும். ஹாரன் அடித்தால் விளக்கு எரியும். ஆனால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. காப்பாரில் எங்களுக்கு இருந்த ஐந்து ஏக்கர் செம்பனைக்கு அப்படி ஒரு வண்டி இல்லாமல் முடியாது. அந்தப் பக்கத்து மண் கடலோரக் களிமண். வெயிலில் சிமெண்டு மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்தால் காலில் இருக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் உள்ளே போக நாங்கள் ஒரு முறை வைத்திருந்தோம். ஓட்டுவது நான். அவர் இறங்கி முன்னால் போய், பாதையில் நின்றுகொண்டு கை காட்டுவார். “கிரி, கிரி” என்று இடது பக்கம் திருப்பச் சொல்வார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல ஆரம்பித்தால் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு “கோஸ்தான்! கோஸ்தான்!” என்று கத்துவார். பின்னால் எடு என்பதற்கு இந்த நாட்டில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் பொதுவான ஒரே சொல் அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவளுக்குச் சக்கரம் தெரியாது. வெளியே நிற்பவருக்கு ஸ்டியரிங் கையில் இல்லை. அதனால் நிலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பெரிய சண்டை முடிந்திருக்கும். அங்கே போய்ச் சேர்ந்ததும், பிளாஸ்க்கில் இருக்கும் தேநீரை ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடிப்போம்.

அவர் போன பிறகு அந்தப் பாதையில் நான் தனியாகப் போனபோதெல்லாம் வழுக்கலுக்குப் பயந்ததைவிட அந்த அமைதிக்குத்தான் அதிகம் பயந்தேன். முன்னால் யாரும் நிற்கவில்லை. வைப்பர் துடைத்த கண்ணாடிக்கு அப்பால் வெறும் பாதை மட்டும் தெரியும்.

எனக்கு ஒரே தம்பி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தான். வாரம் தவறாமல் போன் பண்ணுவான். ஜீப் சறுக்கியதை நான் அவனிடம் சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

“அக்கா, பேசாம வித்துடு. செராஸ்ல ஒருத்தர் ஜீப்பு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நெலத்தையும் சேத்துப் பாக்குறேன்னு சொல்றாரு. அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வரேன்.”

“டயரு மொட்டையா கெடக்குடா.”

“செலுப் வாங்கிப் போட்டுரு. விக்கிற வண்டிக்கு அது போதும்லா.”

செலுப் என்றால் தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பதித்து மறுபடி விற்பது. பார்வைக்குப் புதிது. எவ்வளவு நாள் தாங்கும் என்பதை வாங்கியவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“டயர் மாத்துனதும் எனக்கு ஒரு போன் அடி. எம் பொண்டாட்டி வந்து எலுமிச்சம்பழம் வைப்பா. நீ வைக்காதே” என்று சொன்னான். “தப்பா எடுத்துக்காதேக்கா” என்றும் சொன்னான்.

புது வண்டி வாங்கினாலோ, வண்டிக்குப் பெரிய செலவு செய்து ஏதாவது மாற்றினாலோ நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். கண் திருஷ்டி போகும். எங்கள் குடும்பத்தில் அதைச் சுமங்கலிதான் வைப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விற்கப் போகிற ஜீப்புக்கு யார் கண் பட்டால் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

“வித்துட்டு இங்க வந்துரு. பின்னாடி ரூம் சும்மாதான் இருக்கு” என்றான்.

அந்தப் பின்னறை எனக்குத் தெரியும். காரியம் முடிந்த பிறகு கொஞ்ச நாள் அங்கேதான் இருந்தேன். தம்பி மனைவி கெட்டவள் இல்லை. எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை நினைவு வைத்துச் செய்வாள். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்து, குங்குமத் தட்டு ஒவ்வொருவராகச் சுற்றி என் பக்கம் வரும்போது மட்டும் அவளுக்கு அடுப்பில் ஏதோ ஞாபகம் வந்துவிடும். தட்டோடு உள்ளே போய்விடுவாள். பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் கூச்சல் போடும். நான் அந்த அறையின் கட்டிலில் உட்கார்ந்து ரயில் போவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆள் இல்லாத வீட்டில் தனியாக இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஆள் நிறைந்த வீட்டில் அப்படி இருக்க முடியவில்லை.

ஆக, எந்த டயரைப் போடுகிறேன் என்பதில்தான் எல்லாம் இருந்தது. செலுப்போ ரோட்டு டயரோ போட்டால் ஜீப்பும் நிலமும் போய்விடும், நான் அந்தப் பின்னறைக்குப் போவேன். சேற்றில் போகும் டயரைப் போட்டால் இனி அந்தப் பாதையில் நான் தனியாகவே போகப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். முதலாவதை நினைத்தால் மூச்சு முட்டியது. இரண்டாவதை நினைத்தால் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை. முதலில் கிள்ளான் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனை செய்பவர் நம் ஆள்தான், தலைமுடியை நன்றாக எண்ணெய் போட்டு வாரியிருந்தார். ஜீப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

“அங்கிள் வரலீங்களா ஆன்டி? அவரக் கூட்டிட்டு வாங்க, சைஸ் பேசிக்கலாம்.”

“அவரு வரமாட்டாரு. சைஸ் டயர்லயே எழுதியிருக்கு, படிக்கத் தெரியும்ல?”

அவர் படித்தார். அந்த அளவு இப்போது வருவதில்லை என்றார். அதற்குப் பதிலாக ஒரு அகல டயரைத் தள்ளிக்கொண்டு வந்து, இதைப் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்றார். எனக்குக் கம்பீரம் வேண்டியிருக்கவில்லை. என் கணவர் அகல டயர் வாங்கவே மாட்டார் என்பது மட்டும் அப்போது ஞாபகம் வந்தது. களிமண்ணில் ஒல்லி டயர்தான் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டி மண்ணைப் பிடிக்கும், அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும் என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்காமல் கேட்டது இப்போது கை கொடுத்தது.

அந்தக் கடையை விட்டுக் கிளம்பி மேரு சாலைக்குப் போனேன். தொழிற்சாலைகளுக்கு நடுவில் லோரி டயர் விற்கும் கடை ஒன்று இருந்தது. கடை முழுக்க ஆளுயரத்துக்கு டயர்கள். ரப்பர் வாசனையோடு சாமி மேடையின் ஊதுபத்தி வாசனையும் சேர்ந்து வந்தது. தௌக்கே, அதாவது கடை முதலாளி, தோட்டப்புறத்தில் வளர்ந்த சீனர். தமிழ் நன்றாகப் பேசுவார். மரியாதை விகுதி மட்டும் அவருக்கு வராது; மந்திரி வந்தாலும் நீதான்.

குனிந்து டயரைப் பார்த்தார். டயரில் வெட்டியிருக்கும் கோடுகளை மலாயில் பூ என்பார்கள். அவர் அதையே தமிழில் சொன்னார்.

“பூவெல்லாம் போச்சு அக்கா.”

“தெரியும்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“நீ லும்பூர்ல போவியா, ரோட்ல மட்டும் போவியா?”

லும்பூர் என்றால் மலாயில் சேறு; நம் தலைநகரின் பெயரிலேயே அது இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் சாய்த்து வைத்தார். ஒன்று செலுப். பளபளவென்று இருந்தது. அவர் அதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. இரண்டாவது புது ரோட்டு டயர். நீளவாக்கில் சன்னமான கோடுகள். தார் ரோட்டில் சத்தமே இல்லாமல் போகும், நீண்ட நாள் வரும் என்றார். மூன்றாவது சேற்று டயர். ஒல்லியாக இருந்தது. கோடுகளுக்குப் பதில் தடித்த ரப்பர்க் கட்டைகள் மாறி மாறி நீட்டிக்கொண்டிருந்தன. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் என் கட்டைவிரல் முழுதாக உள்ளே போனது. அந்த இடைவெளி பெரிதாக இருந்தால்தான் சக்கரம் சுற்றும்போது சேறு தானாக விழுந்துவிடும் என்றார்.

“ஆனா இது ரோட்ல சத்தம் போடும் அக்கா. ரொம்ப சத்தம். ரேடியோ கேக்காது.”

“ரேடியோ இல்ல.”

“அப்ப சரி” என்று சிரித்தார். பிறகு, “லும்பூர்ல போனா ரெண்டு ஆள் வேணும். கூட யாரு வர்றா?” என்று கேட்டார்.

“தம்பி வருவான்” என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். தம்பி அந்த நிலத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் வேலைக்குப் போடும் பளபள சப்பாத்தோடு வந்து, காரை விட்டு இறங்காமல் திரும்பிவிட்டான்.

நான் அங்கேயே படுக்கப்போட்டிருந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தௌக்கே வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். ரோட்டு டயர்தான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தெரியும். விற்றாலும் நல்லது, விற்காவிட்டாலும் வேலைக்குப் போய்வர நல்லது. சத்தம் போடாது. ஆனால் அந்தச் சத்தமில்லாத டயரோடு எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும், வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்குமாகப் போய்வரும் என்னை நினைத்துப் பார்த்தேன். அப்போது எனக்கு அழுகை வந்தது. டயர்க் கடையில் உட்கார்ந்து அழுவது எவ்வளவு அசிங்கம்! அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுந்தேன்.

“சத்தம் போடுறதையே போடுங்க தௌக்கே.”

“நாலா, அஞ்சா?”

வண்டியின் பின்பக்கத்தில் தொங்கும் ஸ்பேர் டயருக்கும் சேர்த்துக் கேட்டார். தனியாகப் போகிறவளுக்கு ஐந்தும் நன்றாக இருக்க வேண்டும். ஐந்து என்றேன். என்ன நினைத்தாரோ, நட்டு கழற்றும் ஸ்பேனரை என் கையில் கொடுத்து ஒன்றைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். கையால் முடியவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்தேன், கழன்றது. “தம்பி வராட்டியும் பரவால்ல” என்று சொல்லிவிட்டுக் காற்றடிக்கப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். மெதுவாகப் போனால் முனகியது, வேகம் கூடினால் கூட்டமாகப் பேசுவதுபோல் இரைந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் சத்தமும் நின்றுபோகும். பச்சை விழுவதற்காக நான் காத்திருந்தேன். வீட்டுத் திருப்பம் வந்தும் திரும்பாமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வந்தேன்.

சனிக்கிழமை காலை காப்பாருக்குக் கிளம்புவதற்கு முன்னால் எலுமிச்சை ஞாபகம் வந்தது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வைக்காமல் கிளம்ப மனம் வரவில்லை. தம்பி மனைவியைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். நானே வைத்துக்கொள்கிறேன், எனக்கு இனிமேல் என்ன புதிதாக நடந்துவிடப் போகிறது என்று முடிவு செய்தேன். வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை. பாசாருக்குப் போகச் சோம்பல். வாசலில் தொட்டியில் லிமாவ் கஸ்தூரி செடி நின்றது. கோலி அளவுக்குக் காய்க்கும் சின்ன எலுமிச்சை, மீ கோரெங் நூடுல்ஸுக்குப் பிழிவோமே, அது. நல்லதாக நான்கைப் பறித்தேன். பழத்தின் அளவா முக்கியம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தவறு.

நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக வைத்தேன். வாசல் கொஞ்சம் சரிவு, இரண்டு பழங்கள் உருண்டு ஓடின. ஓடிப்போய்ப் பிடித்து, சின்னக் கல்லை அண்டை கொடுத்து வைத்தேன். பிறகு ஏறி உட்கார்ந்து, எஞ்சினை உயிர்ப்பித்து, மெதுவாக முன்னால் விட்டேன். நிறுத்தினேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி,

“நசுங்கிருச்சாங்க?” என்று கேட்டேன்.

அவர் இருந்தபோது அப்படித்தான். நான் ஓட்டுவேன், அவர் வெளியே நின்று பார்த்து, “ஆச்சு, ஆச்சு, போ” என்பார். வாய் தானாகக் கேட்டுவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அவர் இறந்த அன்றுகூட அவர் இல்லை என்பது எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். மூன்று இடத்தில் தரை ஈரமாகி, தோல் ஒட்டியிருந்தது. இடது பக்கப் பின்சக்கரத்துக்கு வைத்த பழத்தைக் காணோம். நசுங்கிய அடையாளமும் இல்லை. வண்டிக்கு அடியில் தேடினேன், சாக்கடையில் தேடினேன், செருப்போடு படுத்தே பார்த்துவிட்டேன். இல்லை. நம்பிக்கை இல்லாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று என்னையே திட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆனால் காப்பார் வரைக்கும் அந்த நான்காவது பழம் மனத்தை அரித்துக்கொண்டே வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அங்கே நல்ல மழை. ஜீப் வழுக்கிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, தௌக்கே சொன்னபடி டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினேன். பிறகு என் கணவர் செய்வதுபோல் பாதையில் நடந்து பார்த்தேன். கெட்டியான இடத்தில் செம்பனை ஓலையைக் கிள்ளிப் போட்டு அடையாளம் வைத்தேன். வெளியே நிற்கிறவள் வேலை முடிந்தது. உள்ளே இருக்கிறவள் வேலையைப் பார்க்கத் திரும்பி வந்து ஏறினேன். முக்கால் பாதை ஒழுங்காகப் போயிற்று. அதற்கப்புறம் பின்பக்கம் வடிகாலை நோக்கி இழுத்தது. “கோஸ்தான்! கோஸ்தான்!” என்று ஒரு குரல் கத்தியது. என் குரல்தான். பின்னால் எடுத்தேன், திருப்பினேன், மறுபடி விட்டேன். டயர் ஒரு கணம் சுழன்று, பிறகு எதையோ கவ்விப் பிடித்தது. சேற்றைக் கூரை உயரத்துக்கு வாரி இறைத்துக்கொண்டு ஜீப் மேலே ஏறியது.

நான் வந்துவிட்டேன்! ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பிறகு இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தேன். குலை வெட்டுகிற ஆட்கள் அன்று வரும் நாள் இல்லை. தூரத்தில் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. வரிசை வரிசையாகச் செம்பனை மரங்கள். நான் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

டயரில் அப்பியிருந்த சேற்றை ஒரு குச்சியால் குத்தி எடுக்க ஆரம்பித்தேன். வேறு வேலை ஒன்றும் ஓடவில்லை. இடது பக்கப் பின்சக்கரத்தில், இரண்டு ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவில், குச்சி எதிலோ இடித்தது. நெம்பி எடுத்துத் துடைத்தேன். என் லிமாவ் கஸ்தூரி. இடைவெளியில் போய் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் சப்பையாகி, தோல்கூடக் கிழியாமல் கிள்ளானிலிருந்து என்னோடு வந்திருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். திருஷ்டிக்கு வைத்த பழத்தைத் தொடக் கூடாது, தாண்டக் கூடாது, முச்சந்தியில் போட்டுவிட வேண்டும். அங்கே முச்சந்தி இல்லை. தேநீர் பிளாஸ்க்கை நான் அன்று கொண்டு வரவில்லை, தண்ணீர்ப் புட்டிதான் இருந்தது. பழத்தைக் கழுவி, பல்லால் கடித்து, புட்டியில் பிழிந்து குடித்தேன். புளிப்பும் மண்ணுமாக இருந்தது. முழுவதையும் குடித்தேன்.

அன்று சாயங்காலம் தம்பி போன் பண்ணினான்.

“நாளைக்குப் பத்து மணிக்கு அவரக் கூட்டிட்டு வரேன்கா. டயர் போட்டியா?”

“போட்டேன். அவரக் கூட்டிட்டு வராதே. நான் விக்கல.”

திட்டுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

“எலுமிச்சம்பழம் யாரு வெச்சா?”

“நான்தான் வெச்சேன். ஒண்ணு நசுங்கல. புழிஞ்சி குடிச்சிட்டேன்.”

“அய்யோ அக்கா! என்னக்கா பண்ணி வெச்சிருக்கே? கண்ணு பட்டுரும்கா!”

அவன் குரலில் உண்மையான பயம் இருந்தது. என் மேல் அவனுக்கு இருந்த பாசமும் அதில் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“யாரு கண்ணுடா படும்? என்னைய யாருடா பாக்குறா?”

போனில் அவன் வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொண்டன, அவன் மனைவி அதட்டினாள், ஒரு ரயில் போயிற்று. “சரிக்கா, சாப்பிடு” என்று சொல்லிவிட்டு வைத்தான். அவன் வைக்கும்வரை நான் வைக்கவில்லை. வைத்த பிறகும் கொஞ்ச நேரம் வைக்கவில்லை.